பூஜை வரிசையில் உன் ஏப்ரன்

பாபு,

பார்சலை இப்போதே பிரிக்காதே. உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் தீபாவளிச் சட்டைப் பொட்டலத்தைக் கடையிலிருந்து வரும் வழியிலேயே கிழித்துப் பார்த்தவன் நீ. ஆனாலும் முதலில் இதைப் படித்து முடி. இன்று விஜயதசமி. ஆயுத பூஜைக்கு வைத்த பேனாவை விடியற்காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, முதல் எழுத்தாக உன் பேரை எழுதியிருக்கிறேன். செல்விக்குக் காலாண்டு லீவு முடிகிறது, அவளை அழைத்துப் போக வந்த லதா பதினோரு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், இந்தப் பார்சலும் அவள் கையில்தான் வருகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று உன் மகளிடம் கோடு போட்ட தாள் வாங்கி எழுதித் தள்ளுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்ற அம்மா இவ்வளவு எழுதுவாளா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்து நாளில் நான் செய்திருக்கும் காரியத்துக்கு முன்னால் எழுதுவது ஒரு வேலையே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன், மனசில் அடக்கி வைக்க முடியவில்லை. ஒரு ஏப்ரன். சமைக்கும்போது முன்னால் கட்டிக்கொள்வாயே, அது. வருகிற வெள்ளிக்கிழமை வந்தவாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உன் சொந்த டிபன் கடையில் முதன்முதலாக அடுப்பு பற்றவைக்கும்போது நீ கட்டிக்கொள்வதற்கு. கடையில் வாங்கியது இல்லை. காசு கொடுத்துத் தைத்து வாங்கியதும் இல்லை. நான் தைத்தேன், பாபு! மிஷினில் உட்கார்ந்து, காலால் மிதித்து, ஐம்பத்திரண்டு வயசில் நானே தைத்தேன்! மிஷின் ஊசிக்குக் கண் கீழே முனையில் இருக்கும் என்பதுகூடப் பத்து நாளைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இன்றைக்கு இருட்டில் கொடுத்தாலும் நூல் கோர்ப்பேன்.

ஏன் ஏப்ரன், ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் முதல் ஏப்ரனைக் கிழித்தது உன் நைனா இல்லை. நான்.

மறுபடியும் ஒரு தடவை படித்துக்கொள். நான்தான். பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆயுத பூஜையை நீ மறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நானும் மறக்கவில்லை. நீ வேலூர் ஓட்டலில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு நாள் லீவில் வந்தாய். நம் வீட்டில் அன்றைக்குத் தறியைக் கழுவித் துடைத்து, அதன் முன்னால் அவரவர் கையாளும் பொருளை வரிசையாக வைப்போம். உன் நைனா நீளவாக்குப் பாவுக்குள் குறுக்கு நூல் ஓட்டும் நாடா, நான் நூல் சுற்றும் ராட்டை, நீ படித்த காலத்தில் உன் புத்தகங்கள். வரிசையில் ஒருவருடைய பொருள் இருந்தால் அவர் இந்த வீட்டு ஆள் என்று அர்த்தம். நீ பையிலிருந்து உன் தோசைத் திருப்பியையும், நாலாக மடித்த அந்த வெள்ளை ஏப்ரனையும் எடுத்து, யாரையும் கேட்காமல், நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தாய். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதில் மஞ்சள் கறை இருக்கிறதே, வெங்காய வாடை அடிக்கிறதே, இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் அத்தை வீட்டார் வந்துவிடுவார்களே என்று நினைத்தேன். தறிக்காரர் மகன் ஓட்டலில் கரண்டி பிடிக்கப் போய்விட்டான் என்று ஏற்கெனவே தெருவில் பேச்சு. அதை நானே பூஜையில் வைத்து ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று தோன்றியது.

நீ கதம்பம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாய். நான் தோசைத் திருப்பியைச் சமையல்கட்டில் கொண்டுபோய் மாட்டினேன். ஏப்ரனை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியால் விளக்கு துடைத்தேன், இன்னொரு பாதியைத் தறி மூலையில் இருக்கும் பழந்துணிக் கூடையில் போட்டேன். உன் நைனா அப்போது தறிக்குழியில் இறங்கி மிதிபலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கூடையில் கைக்கு வந்த துணியை எடுத்துத் தரையைத் துடைத்து, காலையும் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். அதே நேரத்துக்குப் பூப்பொட்டலத்தோடு நீ உள்ளே வந்தாய். அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தாய். வரிசையைப் பார்த்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "இன்னாடா, பூ கெடச்சிதா?" என்று கேட்டார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். "நான்தான்டா கிழிச்சேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. உனக்கு அவர்மேல் வருகிற கோபம் நாலு நாளில் போய்விடும், என்மேல் வந்தால் தாங்க முடியாது என்று நினைத்தேன். உண்மை அதுதான், வேறு சமாதானம் என்னிடம் இல்லை. அன்று சாயங்கால பஸ்ஸுக்கே நீ கிளம்பிவிட்டாய். அதற்கப்புறம் பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய். ஆயுத பூஜைக்கு மட்டும் ஓட்டலில் லீவு இல்லை என்றாய். நைனாவிடம் "சாப்ட்டீங்களா", "வரேன்" இரண்டுதான். அப்பனும் பிள்ளையும் எந்த வீட்டில்தான் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் லதா செல்வியை இங்கே கொண்டுவந்து விட்டபோது உன் கடிதத்தையும் கொடுத்தாள். செல்விதான் படித்தாள். என்ன தெளிவாகப் படிக்கிறாள் உன் மகள்! மூன்றாவது படிக்கிற குழந்தை மாதிரியா இருக்கிறது, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கள் தோற்றார்கள். "அம்மா, விஜயதசமிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடை திறக்கிறேன். நீ கட்டாயம் வரவேண்டும்" என்று படித்து நிறுத்தினாள். உன் நைனா தறியில் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்ளோதானா?" என்றார். செல்வி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான் தாத்தா" என்றாள். அவர் மறுபடி நாடாவை எடுத்தார். அன்றைக்கு முழுக்கத் தறிச்சத்தம் மட்டும்தான். லதா என்னைத் தனியாக அழைத்துப்போய், "தப்பா எடுத்துக்காதீங்க அத்தே. மாமா பேரையும் எழுதுங்கன்னு நான் எவ்ளோ சொல்லிப் பார்த்தேன். 'எங்க நைனாவுக்கு ஓட்டல்காரன் துணின்னா கால் தொடைக்கத்தான்'ன்னு சொல்றாரு. அந்த ஏப்ரன் கதைய இன்னிக்கும் சொல்றாரு அத்தே" என்றாள். அன்று சாயங்காலமே செல்வி கையைப் பிடித்துக்கொண்டு பின்தெரு ஜரினா வீட்டுக்குப் போனேன்.

ஜரினாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு குடி வந்தவள். முப்பத்தைந்து வயசு இருக்கும். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். "எனக்கு ஒரு ஏப்ரன் தெக்கக் கத்துக் குடு" என்றேன். அவள் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாக்கா, நான் தெச்சிக் குடுத்தா ஆகாதா?" என்றாள். "ஆகாது, என் கையாலதான் தெக்கணும்" என்றேன். "எத்தினி நாள் இருக்கு?" "பத்து நாள்." "பத்து நாள்ல எங்க நாத்தனாருக்குப் பாபின் மாட்டக்கூட வரலக்கா" என்று சிரித்தாள். ஆனாலும் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

துணி வாங்கப் போன கதையைக் கேள். நம் வீட்டில் புடவையை நெய்து கடைக்கு அனுப்பித்தான் பழக்கம். நான் போய் மீட்டர் கணக்கில் காடாத் துணி கேட்டதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா அண்ணி, அண்ணன் தறி நின்னு பூடுச்சா?" என்றார். "தறி ஓடுது, உங்க வாயும் ஓடுது, துணியக் கிழிங்க" என்றேன். பளபளவென்று டெரிகாட்டன் இருந்தது, எனக்கு அதன்மேல்தான் ஆசை. ஜரினா முன்னாலேயே சொல்லியிருந்தாள்: "டெரிகாட்டன் வேணாக்கா. அடுப்பாண்ட நிக்கற ஆளு, சூடு பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். காடா வாங்கி, தண்ணில ஊற வெச்சி, காயப் போட்டு எடுத்துகினு வா. இல்லன்னா மொத துவையல்லயே சுருங்கிப் பூடும்." பார்த்தாயா, இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். உனக்கு அடுத்த ஏப்ரனுக்குத் துணி எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கேள்.

முதல் இரண்டு நாள் நூலே கோர்க்கவிடவில்லை. பழைய பேப்பரில் கோடு போட்டுக் கொடுத்து, வெறும் ஊசியை அதன்மேல் ஓட்டச் சொன்னாள். நான் மிதித்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. முன்பக்கம் சுற்றினால் பேப்பர் பறந்தது. "ஜல்தி ஜல்தியா மிதிக்காதக்கா, யாரும் தொரத்தல!" என்பாள். செல்வி பக்கத்தில் நின்று, "ஆயா, கோடு இங்க இருக்கு, ஓட்டை அங்க இருக்கு" என்று விரலால் காட்டிக் காட்டி என் மானத்தை வாங்கினாள். ஆனால் மூன்றாம் நாள் பாபினில் நூல் சுற்றச் சொன்னாள் பார், அங்கே நின்றேன் நான்! முப்பத்தைந்து வருஷமாக ராட்டையில் பட்டு சுற்றிய கை. ஒரு மேடு பள்ளம் இல்லாமல் சுற்றிக் கையில் கொடுத்தேன். ஜரினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நீ எனக்கு உஸ்தாத், வாத்தியாரு" என்றாள். அன்று ராத்திரிச் சோற்றில் எனக்கு உப்புக்கூடத் தெரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்தக் கையே அடுத்த நாள் என் காலை வாரிவிட்டது. தைக்கும்போது நூல் அறுந்தது. பாவில் ஒரு இழை அறுந்தால் நாம் என்ன செய்வோம்? இரண்டு முனையையும் விரலில் சேர்த்து, முடிச்சே தெரியாமல் முறுக்கிப் புணைப்போம். அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டு மேலே போவது என் ஜன்மத்தில் கிடையாது. நானும் தலையைக் குனிந்து, ஊசிக்குக் கீழே இருந்த நூலை மெதுவாக இழுத்து, மேல்நூலோடு வைத்து முறுக்கிப் புணைத்தேன். மிதித்தேன். புணைத்த இடம் ஊசிக்கண்ணில் போய் இறுகி மறுபடி அறுந்தது. மறுபடி புணைத்தேன். இப்படி அரைமணி நேரம். ஜரினா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, இன்னா பண்ணிகினு இருக்க? இது பாவு இல்லக்கா! அறுந்தா அறுந்துட்டுப் போவுது. புதுசாக் கோத்து, நாலு தையல் பின்னாடியிலருந்து ஆரம்பி. பழசு மேலயே ஓட்டு, அது புடிச்சிக்கும்." எனக்கு அது பிடிபட ஒரு நாள் ஆனது. அறுந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய், அங்கிருந்து பழைய தையல்மேலேயே ஓட்ட வேண்டும். இப்போது இந்தக் கடிதத்தில் நான் செய்வதும் அதைத்தான்.

வெட்டியதில் செய்த கூத்து அதைவிடப் பெரிசு. அகலம் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று ஜரினா சொன்னாள். செல்வி இஞ்சு டேப்பைப் பிடித்து எண் சொன்னாள். நான் கத்தரியைப் போட்டு, சொன்ன அளவுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் வெட்டிவிட்டேன். ஜரினா வந்து பார்த்தாள். "மடிச்சி அடிக்க எங்கக்கா துணி விட்ட?" "மடிக்கறதா? எதுக்கு மடிக்கணும்? ஓரத்துலதான் கரை இருக்குமே." "நீ வெட்ன எடத்துல கரை எங்கருந்துக்கா வரும்?" என்று கேட்டாள். யோசித்துப் பார், நான் பிறந்ததிலிருந்து துணியோடு இருக்கிறேன். ஆனால் நம் துணிக்கு ஓரம் தறியிலேயே தானாக உருவாகி வருகிறது. புடவையைத் தறியிலிருந்து அறுப்பதற்கு மட்டும்தான், அதுவும் நேரம் பார்த்து, கத்தரி எடுப்போம். வெட்டிய துணி பிரிந்துபோகும், அதற்கு மடிக்க இடம் விட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இருந்த துணியை மடித்து அடித்தேன், கோணலாக வந்தது. பிரித்து, ஓரத்தை நறுக்கி, மறுபடி மடித்தேன். அதுவும் கோணல். நறுக்கி நறுக்கிக் கடைசியில் பார்த்தால் அது உன் மார்புக்கு எட்டாது, உன் மகளுக்குச் சரியாக இருக்கிறது! "ஆயா, இது எனக்குத்தானே?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் இன்று வரைக்கும் கழற்றவில்லை. அதைக் கட்டிக்கொண்டு என்னோடு குழிப்பணியாரம் ஊற்றினாள். ஒன்றுகூடக் கருகவில்லை, பாபு. கம்பியால் திருப்புகிற லாவகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உனக்கு மறுபடி வெட்ட வேண்டும், ஆனால் உன் அளவு என்னிடம் இல்லை. "அளவு சட்டையாவது குடுக்கா" என்றாள் ஜரினா. உன் சட்டை ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அவன் அப்படியே அவங்க நைனா உடம்பு" என்றேன். செல்வியும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனோம். அவர் குழியில் காலைத் தொங்கப் போட்டு நெய்துகொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து டேப்பை மாரைச் சுற்றிப் போட்டேன். "இன்னாடி இது? இந்த வயசுல எனக்குக் கோட்டு தெக்கப் போறியா?" "சும்மா இருங்க, ஆடாதீங்க." "பாடைக்கு அளவு எடுக்கறியா?" "நவராத்திரி நாள்ல பேசற பேச்சப் பாரு!" செல்வி, "பாடைன்னா இன்னா ஆயா?" என்று கேட்டாள். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "மூச்ச விடுங்க தாத்தா, தொப்பை எவ்ளோன்னு தெரியணும்" என்றாள் உன் மகள். அவர் சிரித்துவிட்டார். உன் கடிதம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது தடவை நாலு பக்கமும் தாராளமாக விட்டு வெட்டினேன். இடுப்புப் பக்கம் மட்டும் உள்ளே மூன்று விரல் துணி மடித்து வைத்திருக்கிறேன். சமையல்காரனுக்குத் தொப்பை வராமல் போகாது, வரும்போது பிரித்து விட்டுக்கொள். பை வைத்தபோது மிஷின் நல்ல ஓட்டத்தில் இருந்தது, எனக்கு நிறுத்த மனசே வரவில்லை, நாலு பக்கமும் அடித்து மூடிவிட்டேன். "இதுல இன்னாத்தக்கா போடுவான் உன் புள்ள, காத்தா?" என்றாள் ஜரினா. மேல்பக்கத்தை நானே பிரித்தேன். அந்த ஊசித் துளைகள் இன்னும் தெரியும், பார்த்துக்கொள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் கழுத்துப் பட்டியின் கடைசித் தையலை அடித்து நூலைக் கடித்து எடுத்தேன். ஜரினா தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "கடை போட்டுக்கோக்கா. நான் வந்து உன்னாண்ட பட்டன் தெச்சிகினு இருக்கேன்" என்றாள். நான் அந்தத் தெருவில் நடந்து வரவில்லை, பறந்து வந்தேன்.

நேற்று வரிசை வைத்தேன். நாடா, ராட்டை, செல்வியின் புத்தகம், பேனா. நாடாவுக்குப் பக்கத்தில் உன் ஏப்ரன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ வைத்த அதே இடம். உன் நைனா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். "இது இன்னா துணி?" என்றார். "பாபுவோட ஏப்ரன். நான் தெச்சது" என்றேன். அப்புறம் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்தது, கூடையில் போட்டது, அதை எடுத்து அவர் கால் துடைத்தது, நீ பார்த்தது, நான் வாய் திறக்காமல் நின்றது. அவர் அப்படியே தறிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அதனாலதான் அவன் என்கிட்ட" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. "எனக்குத் தெரியவே தெரியாதேடி. என் புள்ள துணியா அது?" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பதினோரு வருஷத்துல ஒரு வார்த்த." எழுந்து பின்னால் கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. இனிமேல் பூஜையே கிடையாது என்று நினைத்தேன். செல்விதான் போய்க் கூப்பிட்டாள். "தாத்தா, கற்பூரம் ஏத்தணும், எனக்குப் பசிக்குது."

வந்தார். நேராக ஏப்ரனை எடுத்து உதறினார். நெய்த புடவையில் குற்றம் பார்ப்பாரே, அது மாதிரி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். "இங்க ரெண்டு எடம் கோணல்" என்றார். "தெரியும்" என்றேன். பட்டியை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் அடிச்சிருக்க." அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் மாட்டி, வேட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு நின்றார்! உன் நைனா, பாபு! செல்வி கைதட்டிக் குதித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எனக்கு சரியா இருக்கு. அவனுக்குக் கொஞ்சம் லூசா இருக்கும்" என்று அவிழ்த்து, தானே மடித்து, தன் நாடாவை ஓரமாக நகர்த்திவிட்டு நடுவில் வைத்தார். சந்தனத்தையும் குங்குமத்தையும் முதலில் அதற்குத்தான் வைத்தார். நாடாவுக்கு அப்புறம்தான் வைத்தார்.

பூஜை முடிந்து பொரிகடலை கொடுக்கும்போது கேட்டேன், "வெள்ளிக்கிழம வர்றீங்கதானே?" "லெட்டர்ல என் பேர் இல்லியே." "நான் சொல்றேனே." "நீ சொன்ன வரைக்கும் போதும். அவன் சொல்லட்டும்." அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது, உனக்கே தெரியும், நீயும் அதே குணம்தான். ஆனால் ஒரு சேதி. இன்று காலையில் தறியில் ஏறி நாள் பார்த்து நாலு இழை நெய்தார். இறங்கியதும் பெட்டியைத் திறந்து, உன் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை ஜிப்பாவை எடுத்து வெயிலில் போட்டார். எதற்கு என்று கேட்டால், பூச்சி அரிக்கிறதாம்.

அம்மா அறிவுரை சொல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டாள் என்று நினைத்திருப்பாய், சொல்லிவிடுகிறேன். மனுஷர்களுக்கும் ஓரத்தில் கொஞ்சம் துணி விட்டு வை, பாபு. நான் உன்னைத் தறியின் அகலத்துக்கு ஒரு நூல் மீறாமல் வெட்டப் பார்த்தேன், நீ கையை விட்டுப் போனாய். நாளைக்குச் செல்வி உனக்குப் பிடிக்காத ஒரு வேலையைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பாள். அன்றைக்கு இதை நினைத்துக்கொள். கோபம் வந்தால் கேட்டுவிடு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று நீ "யாரு கிழிச்சது?" என்று ஒரு தரம் கத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்காதது உன் தப்பு என்று சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான். அடுத்த வருஷம் உன் கடையில் வரிசை வைக்கும்போது பாத்திரம் கழுவுகிறவரின் தேங்காய் நாரையும் வை. வாடை அடிக்கிறது என்று யாராவது எடுத்துப் போட்டால் என் கதையைச் சொல்.

லதா புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். செல்வி தன் சின்ன ஏப்ரனோடுதான் பஸ் ஏறுவேன் என்று நிற்கிறாள், ஏறட்டும். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். உன் நைனாவையும் எதையாவது சொல்லி வந்தவாசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழைத்து வந்துவிடுவேன், அது என் பொறுப்பு. அதற்குமேல் உன் கடைக்கு இருபது அடி இருக்கும் என்று லதா சொல்கிறாள். நீ கூப்பிடாமல் அவர் அந்த இருபது அடி நடக்க மாட்டார். அது உன் பொறுப்பு. இந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வெளியே வந்து, "நைனா, வாங்க" என்று ஒரு குரல் கொடு. புதுசாக, வெள்ளையாக அது இருக்கக் கூடாது. நாங்கள் வருவதற்குள் நாலு தோசையாவது ஊற்றி, மாவும் எண்ணெயும் பட்டு நிற்கட்டும். அவர் வைத்த குங்குமம் முதல் துவையலில் போய்விடும், போகட்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு அதை அழுக்கோடு இங்கே கொண்டு வா. நான் என் கையால் துவைத்து வரிசையில் வைக்கிறேன்.

சரி, இப்போது பிரி.

உன் அம்மா